எஞ்சினுக்குள் விழுந்த ஸ்பேனர்

ஸ்பேனர் கை நழுவியதும் பலர் செய்யும் காரியம் இரண்டு. ஒன்று, வண்டியைப் பிடித்துக் குலுக்குவது. மற்றொன்று, "ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிப் பார்ப்போம், தானா கீழ விழுந்துரும்" என்று சாவியைத் திருப்புவது. குலுக்கினால் கருவி இன்னும் ஆழத்துக்குப் போகும். சாவியைத் திருப்பினால் எஞ்சினே போகும். நிற்கிற எஞ்சினுக்குள் கிடக்கும் நட்டு யாரையும் ஒன்றும் செய்வதில்லை. ஆகவே முதல் வேலை, சாவியைக் கழற்றி வீட்டுக்குள் கொடுத்தனுப்புவது. சட்டைப் பையில் வேண்டாம், குனிந்தால் அதுவும் பானெட்டுக்குள் விழும்.

இதில் ஏன் இவ்வளவு கண்டிப்பு என்று கேட்பவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. சும்மா நின்று ஓடும்போது எஞ்சின் நிமிடத்துக்குச் சுமார் 800 சுற்று சுற்றுகிறது. அதாவது ஒவ்வொரு பிஸ்டனும் நொடிக்கு 13 முறை மேலே வந்து போகிறது. மேலே வந்த பிஸ்டனின் விளிம்புக்கும் ஹெட்டுக்கும் இடையே பல எஞ்சின்களில் சுமார் ஒரு மில்லிமீட்டர்தான் இடைவெளி. பத்தாம் நம்பர் ஸ்பேனர் பிடிக்கும் சாதாரண நட்டின் தடிமன் 5 மில்லிமீட்டர். ஒரே ஒரு நொடி ஓடவிட்டாலும் 13 அடி. பிஸ்டன் தலை குழியும், வால்வு வளையும், சிலிண்டர் சுவரில் கீறல் விழும்.

சாவி போன பிறகு பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். நெகட்டிவைத்தான் முதலில் கழற்ற வேண்டும். வண்டியின் உடம்பு முழுவதும் நெகட்டிவ் என்பதால், பாசிட்டிவைக் கழற்றும்போது ஸ்பேனரின் மறுமுனை எங்காவது இரும்பில் பட்டால் தீப்பொறி பறக்கும். முனையைக் கழற்றாமல் கையை விடுவதில் இரண்டு ஆபத்து உண்டு. சில கார்களில் சாவியை எடுத்த பிறகும் சூடு ஏறினால் ரேடியேட்டர் ஃபேன் தானே சுற்றும். ஆல்டர்னேட்டருக்குப் போகும் தடித்த ஒயரிலோ எப்போதும் மின்சாரம் இருக்கும். விழுந்த ஸ்பேனர் அதன் முனைக்கும் எஞ்சினுக்கும் குறுக்கே சாய்ந்து கிடந்தால், அதை நகர்த்தும் கைதான் சுடுபடும். இங்கே ஒரு தமாஷ் உண்டு. பேட்டரி முனையைக் கழற்றப் பெரும்பாலும் பத்தாம் நம்பர்தான் வேண்டும். விழுந்து தொலைந்ததும் அநேகமாக அதே பத்து-பதினொன்றாகத்தான் இருக்கும். மாருதி, டொயோட்டா, ஹோண்டா போன்ற வண்டிகளில் பானெட்டுக்குள் இருக்கும் சின்ன போல்ட்டுகளில் பெரும்பகுதி அந்த அளவுதான். ஒரு பத்தாம் நம்பரைக் கூடுதலாக வாங்கி டேஷ்போர்டில் வைத்திருப்பது நல்லது.

மூணாறு, தேவிகுளம், பீர்மேடு பக்கம் சமதளத்தில் நிற்கும் வண்டியே அபூர்வம். லயத்து வாசலானாலும் ரோட்டோரமானாலும் ஒரு பக்கம் சரிவுதான். கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, சக்கரத்துக்குக் கல் வைத்த பிறகே கையை உள்ளே விடுங்கள். தேடுவதற்குச் சரிவு உதவவும் செய்யும். விழுந்தது எந்தப் பக்கம் உருண்டிருக்கும் என்பதை அதுவே சொல்லிவிடும்.

இனித் தேடல். முதலில் வண்டிக்கு அடியில் குனிந்து பாருங்கள். இடுக்கியில் இன்னும் ஓடுகிற பழைய மஹிந்திரா ஜீப்புகளில் எஞ்சினுக்கு அடியில் மூடி கிடையாது. நழுவியது நேராக மண்ணில்தான் விழும். விழுந்த சத்தமும் கேட்டிருக்கும். பழைய ஃப்ளெக்ஸ் பேனர் ஒன்றை அடியில் விரித்துவிட்டு வேலை தொடங்கினால், புல்லிலும் சேற்றிலும் தேட வேண்டியதில்லை. தேர்தல் முடிந்த ஊர்களில் ஃப்ளெக்ஸுக்குப் பஞ்சமில்லை.

இன்றைய சின்னக் கார்களில் கதை வேறு. எஞ்சினைக் குறுக்காக வைத்து, அடியில் பிளாஸ்டிக் தடுப்பைப் பொருத்தியிருக்கிறார்கள். ஸ்பேனர் அதன்மேல் போய்ப் படுத்துக்கொள்ளும், கீழே சத்தமே வராது. தடுப்பைப் பிடித்திருக்கும் கிளிப்புகளையும் போல்ட்டுகளையும் ஒரு பக்கம் மட்டும் கழற்றித் தாழ்த்தினால் போதும், பல நேரம் ஸ்பேனர் வழுக்கிக்கொண்டு வெளியே வரும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள். ஸ்டாண்டு இல்லையென்றால் சக்கரத்தைக் கழற்றி வண்டிக்கு அடியில் தள்ளி வையுங்கள். செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் பாரத்தில் பிளந்துவிடும்.

அடித்தடுப்பில்தானே கிடக்கிறது, அப்புறம் எடுத்துக்கொள்ளலாம் என்று விடுவது கோழிஞ்சாம்பாறை, சிற்றூர் பக்கத்துத் தார் ரோட்டில் சில மாதம் செல்லுபடியாகலாம். சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறும் பாதையிலும், ஏலத்தோட்டத்துக் கல் ரோடுகளிலும் அது நடக்காது. குலுக்கலில் ஸ்பேனர் நகர்ந்து ஃபேன் பெல்ட்டிலோ டிரைவ் ஷாஃப்ட்டின் ரப்பர் உறையிலோ போய் மோதும். முன்னால் ஃபேன் சுற்றும் ஜீப்பாக இருந்தால், ஃபேன் அதைத் தட்டி ரேடியேட்டருக்குள் செருகிவிடும்.

கண்ணுக்குத் தெரியாத இடத்தில் தேட விளக்கை எப்படிப் பிடிப்பது என்பதில்தான் பாதி வேலை இருக்கிறது. கண்ணும் விளக்கும் ஒரே பக்கம் இருந்தால் எதிரொளியில் எல்லாம் வெளுத்துப்போகும். டார்ச்சை அடியிலிருந்தோ எதிர்ப்பக்கத்திலிருந்தோ அடித்துவிட்டு மேலிருந்து பாருங்கள். குரோம் பூசிய ஸ்பேனர் மின்னிக் காட்டிக்கொடுக்கும். பழைய ஸ்கூட்டரின் பக்கக் கண்ணாடி கையில் இருந்தால் எஞ்சினுக்குப் பின்புறமும் பார்க்கலாம். ஃபோனில் லைட்டைப் போட்டு வீடியோவை ஓடவிட்டு இடுக்கில் இறக்கி, வெளியே எடுத்து நிதானமாகப் பார்ப்பதும் நல்ல வழிதான். ஃபோனை ஒரு கயிற்றில் கட்டிக்கொண்டு இறக்குங்கள்.

எடுக்கும் கருவிகளில் மூன்றைச் சொல்லலாம். ஏரியல் போல நீளும் காந்தக் கம்பி. பின்னால் அமுக்கினால் முன்னால் நான்கு விரல் விரியும் நகக்கம்பி. ஃபோனில் சொருகிப் பார்க்கும் கேமரா ஒயர். இந்தக் கேமராக்களில் 5.5 மில்லிமீட்டர் தலை கொண்டவை பரவலாகக் கிடைக்கின்றன. பல பெட்ரோல் கார்களில் பிளக் மரை 14 மில்லிமீட்டர் என்பதால் அந்த ஓட்டைக்குள் தாராளமாகப் போகும்.

காந்தக் கம்பியை வாங்கியதும் நுனியைப் பிடித்து அழுத்தமாக இழுத்துப் பாருங்கள். மலிவான கம்பிகளில் காந்தத்தை வெறும் பசையால் ஒட்டியிருப்பார்கள். நட்டைத் தேடப்போன காந்தமும் உள்ளே தங்கிவிட்டால் வேலை இரண்டாகும். அடுத்தது சூடு. சாதாரண நியோடிமியம் காந்தம் சுமார் 80 டிகிரி வரைதான் தன் பலத்தைக் காப்பாற்றிக்கொள்ளும். ஓடி நின்ற எஞ்சினின் தண்ணீரே 90 டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கும். மூணாற்றின் ஜனவரிக் குளிரில் எஞ்சின் சீக்கிரம் ஆறிவிடும். பாலக்காட்டு ஏப்ரல் வெயிலில் மதியம் நிறுத்திய வண்டியைச் சாயங்காலம் தொடுவதே புத்திசாலித்தனம், காந்தத்துக்காக மட்டுமல்ல, தோலுக்காகவும்தான்.

காந்தத்தோடு இன்னொரு தொல்லை உண்டு. நட்டைப் பிடிப்பதற்குள் அது வழியில் இருக்கும் இரும்பையெல்லாம் பிடித்துக்கொள்ளும். இதற்கு ஏலத்தோட்டத்திலும் சிற்றூர்த் தென்னந்தோப்பிலும் மருந்து கிடக்கிறது: சொட்டுநீர்க் குழாய். 16 மில்லிமீட்டர் குழாயில் ஒரு முழம் வெட்டி, காந்தம் நுனியோடு நுனியாக நிற்கும்படி உள்ளே செருகுங்கள். பக்கச் சுவர்கள் இழுக்காது, நுனி மட்டும் பிடிக்கும். குழாய் வளைந்தும் கொடுக்கும். செடிக்கு நேராகப் போகும் மெல்லிய குழலையும் ஒரு துண்டு எடுத்து வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

காந்தத்துக்கு மசியாதவையும் இருக்கின்றன. அலுமினியம், பித்தளை, செம்பு வாஷர், ரப்பர், பிளாஸ்டிக் கிளிப் ஆகியவற்றோடு ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் பெரும்பாலான போல்ட்டுகளும் இதில் சேரும். ஸ்பேனர்களில் கவலையில்லை, குரோம் வனேடியம் இரும்பைக் காந்தம் நன்றாகவே பிடிக்கும். மசியாத சின்னச் சாமானுக்கு, கம்பி நுனியில் கெட்டிக் கிரீஸை உருட்டி வைத்து மெல்ல அழுத்தித் தூக்குங்கள். தென்னை ஈர்க்கைக் கொண்டு துழாவ வேண்டாம். ஒடிந்தால் அதை எடுக்க வேறு கருவி தேட வேண்டியிருக்கும்.

இதுவரை சொன்னது எஞ்சினைச் சுற்றி விழுந்தவை பற்றி. எஞ்சினுக்குள்ளேயே போவதற்கு முக்கிய வழி மூன்று: காற்று போகும் வழி, பிளக் ஓட்டை, ஆயில் ஊற்றும் வாய்.

ஏர் ஃபில்டரைக் கழற்றும்போது கிளிப்போ ஸ்குரூவோ காற்றுக் குழாய்க்குள் விழுந்தால், அது முதலில் த்ராட்டில் தகட்டின்மேல் தங்கும். தகடு மூடியிருக்கும்வரை உங்களுக்கு யோகம்தான். அதைக் கெடுக்க ஒரு கால் போதும். கேபிள் வண்டியில் ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் தகடு திறந்து சாமான் உள்ளே போய்விடும். எலெக்ட்ரானிக் த்ராட்டில் உள்ள வண்டிகளில் மிதிக்கவே வேண்டாம், சாவியை ஆன் செய்தாலே பலவற்றில் தகடு தானே அசைந்து பார்க்கும். குழந்தைகளை டிரைவர் சீட்டிலிருந்து இறக்கிவிட்டு, நகக்கம்பியால் எடுங்கள். தகட்டைத் தாண்டிப் போய்விட்டால் மேனிஃபோல்டைக் கழற்றித்தான் ஆக வேண்டும். ஸ்டார்ட் செய்தால் காற்று அதை நேராக வால்வுக்குக் கொண்டுபோகும்.

பிளக் ஓட்டைதான் எல்லோரும் பயப்படும் இடம். பயப்பட வேண்டியதும்தான். ஆனால் நிதானம் இருந்தால் வீட்டிலேயே முடிகிற வேலை. எந்தச் சிலிண்டர் என்பதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். மற்ற பிளக்குகளையும் கழற்றுங்கள், அப்போதுதான் எஞ்சினைக் கையால் லேசாகச் சுற்ற முடியும். கழற்றும் முன் பிளக் குழியில் படிந்திருக்கும் மண்ணை ஊதி எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் நட்டை எடுக்கப்போய் மணலை உள்ளே தள்ளுவீர்கள். தேவையில்லாத ஓட்டைகளை ஒரு துணியால் மூடுங்கள். கண்ணில் அடிக்கும் நிறத்தில், வால் வெளியே நீளும்படியான துணியாக இருக்கட்டும்.

இப்போது கேமராவை இறக்குங்கள். கரிப்பிடித்த பிஸ்டன் தலையில் நட்டு பளிச்சென்று கிடப்பது தெரிந்தால் பாதி வென்றாகிவிட்டது. காந்தக் கம்பியை நேராக இறக்கித் தூக்குங்கள். வரும் வழியில் ஓட்டையின் மரை விளிம்பில் நட்டு இடறி மறுபடி விழுவது சகஜம், அவசரப்பட வேண்டாம். பெரிய நட்டு படுத்த வாக்கில் வராது, அதைச் செங்குத்தாகத் திருப்பிப் பிடிக்க வேண்டும். எட்டாத ஓரத்துக்கு உருண்டிருந்தால், வண்டியில் அது உருண்டிருக்கும் பக்கத்தை ஜாக்கியால் கொஞ்சம் உயர்த்தி அதை நடுவுக்கு வரவழைக்கலாம். ஓட்டைக்குள் நுழைந்தது எதுவானாலும் அதே ஓட்டை வழியே வெளியே வரும். திரும்பும் கோணம் மட்டும்தான் பிரச்சினை.

பிஸ்டன் மிகவும் அடியில் இருந்தால் அதை மேலே கொண்டுவரலாம், கையால் மட்டும். கல்லும் ஹேண்ட் பிரேக்கும் அப்படியே இருக்க, கியரை மட்டும் நியூட்ரலுக்கு எடுத்து, கிராங்க் புல்லியின் போல்ட்டில் சாக்கெட்டைப் போட்டு, எஞ்சின் சுற்றும் திசையிலேயே, விரலளவு விரலளவாக. பெரும்பாலான எஞ்சின்களில் அது கடிகார முள் போகும் திசை. நீளமான பிளாஸ்டிக் உறிஞ்சு குழலை ஓட்டையில் நிறுத்திவைத்தால், அது உயர்வதைக் கொண்டு பிஸ்டன் ஏறுவது தெரியும். லேசாக ஒரு தடை தட்டுப்பட்டாலும் அங்கேயே நிறுத்துங்கள், பலம் கொடுக்காதீர்கள். கேமராவில் வால்வுகளையும் கவனியுங்கள். வால்வு திறந்திருக்கும் நேரத்தில் நட்டு அதன் இடுக்கில் போய்ச் சிக்கினால், வால்வு மூடும்போது வளையும். உச்சிவரை ஏற்றவும் கூடாது. காந்தம் எட்டுகிற உயரம் போதும்.

காந்தத்துக்கு மசியாத துண்டாக இருந்தால், எடுத்துவைத்த சொட்டுநீர் மெல்லிய குழலை வேக்குவம் கிளீனரின் வாயில் டேப் சுற்றி ஒட்டி உறிஞ்சிப் பாருங்கள். உள்ளே பெட்ரோல் ஆவி நிற்கும் என்பதால், பிளக்கைக் கழற்றி வெகுநேரம் காற்றாடவிட்ட பிறகே இதைச் செய்ய வேண்டும். பெட்ரோல் வாடை கொஞ்சம் வந்தாலும் வேக்குவத்தைத் தொடாதீர்கள், கிரீஸ் கம்பியே போதும்.

"பிளக்கைக் கழட்டிட்டு ஒரு செல்ஃப் அடிச்சா காத்துல துப்பிரும்" என்று சொல்லும் அண்ணன்மார் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். சேட்டன்மாரும் இருக்கிறார்கள். கேட்காதீர்கள். துப்பினால் அதிர்ஷ்டம், துப்பாவிட்டால் வால்வு. டீசல் ஜீப்பிலும் காரிலும் இன்ஜெக்டர் அல்லது ஹீட்டர் பிளக் ஓட்டையில் எதுவும் விழுந்தால், வீட்டில் தொடாமல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். டீசலில் பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் உள்ள இடைவெளி இன்னும் நெருக்கம். புது டீசல் வண்டிகளின் இன்ஜெக்டர் பைப்பை வீட்டில் கழற்றி மாட்டுவதே தவறு.

ஆயில் ஊற்றும் வாயில் விழுந்தது பெரும்பாலும் கேம் ஷாஃப்ட்டின் பக்கத்தில் தங்கும். டார்ச்சும் காந்தமும் போதவில்லையென்றால் வால்வு கவரைக் கழற்றிப் பார்க்கலாம். அங்கேயும் இல்லையென்றால் ஆயில் இறங்கும் துளை வழியாகச் சம்ப்புக்குப் போயிருக்க வேண்டும், அல்லது டைமிங் செயின் பக்கம் இறங்கியிருக்க வேண்டும். பழைய மாருதி 800-இல் இருந்தது டைமிங் பெல்ட், அது ஆயிலுக்கு வெளியே தனியாக ஓடும். பின்னால் வந்த கே சீரிஸ் எஞ்சின்களில் செயின், அது எஞ்சினுக்குள்ளேயே ஓடுகிறது. செயினுக்கும் பல்சக்கரத்துக்கும் நடுவே ஒரு போல்ட் மாட்டினால் வால்வுகளின் கணக்கே தப்பிவிடும். ஆகவே இங்கே கையாலும் சுற்றக் கூடாது. ஆயிலை வடித்து, டிரெயின் ஓட்டை வழியே காந்தத்தை விட்டுத் துழாவுங்கள். மலையில் காலை நேரத்தில் ஆயில் கெட்டியாக இருக்கும், வடிய நேரம் கொடுங்கள். அலுமினியச் சம்ப்பாக இருந்தால், வெளியிலிருந்து பலமான காந்தத்தை வைத்தே உள்ளே கிடப்பதை ஓட்டைக்கு இழுத்து வரலாம். தகரச் சம்ப்பில் இந்த வித்தை பலிக்காது. சம்ப்பின் அடியில் ஒரு சின்ன வாஷர் கிடப்பதைக் கண்ணால் பார்த்துவிட்டால் பதற வேண்டாம், ஆயில் பம்ப்பின் வாயில் வலை இருக்கிறது. சம்ப்பில்தான் இருக்கும் என்ற ஊகத்தில் மட்டும் வண்டியை எடுக்காதீர்கள்.

விழாமல் இருக்க என்ன செய்வது? சாக்கெட்டை ராட்செட்டில் மாட்டும்போது உள்ளிருக்கும் சின்ன உருண்டை 'க்ளிக்' என்று பிடிக்கிறதா பாருங்கள். 1980 செப்டம்பர் 18 அன்று அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில், டமாஸ்கஸ் என்ற ஊருக்கு அருகே, அணுகுண்டு தாங்கிய டைட்டன் ஏவுகணை நின்ற குழியில் வேலை செய்துகொண்டிருந்த ஒருவரின் கையிலிருந்த கருவியிலிருந்து சாக்கெட் கழன்று விழுந்தது. ஏறத்தாழ மூன்றரைக் கிலோ எடை. சுமார் 80 அடி கீழே போய் மோதியதில் எரிபொருள் தொட்டி ஓட்டையாகி, மறுநாள் விடியுமுன் குழியே வெடித்தது; ஒருவர் இறந்தார். நம் மாருதியில் அணுகுண்டு இல்லை, சாக்கெட் கழன்று விழும் விதம் மட்டும் ஒன்றேதான்.

பானெட்டை மூடும்முன் கருவிகளை எண்ணுங்கள். விரித்த துணியில் வரிசையாக வைத்து, தொடங்கும்போது ஃபோனில் ஒரு படம் எடுத்து, முடிக்கும்போது ஒப்பிட்டால் போதும். விமானக்காரர்களே இதில் கோட்டை விட்டதுண்டு. 2023 டிசம்பரில் லாஸ் ஏஞ்சல்ஸில் சோதனைக்கு நின்ற ஒரு குவாண்டாஸ் ஏ380 விமானத்தின் எஞ்சினுக்குள், ஒன்றேகால் மீட்டர் நீள நைலான் கருவி ஒன்றை விட்டுவிட்டார்கள். அதை வைத்துக்கொண்டே விமானம் 34 முறை பறந்த பிறகுதான் கண்டுபிடித்தார்கள்.

மழையிலும் மூடுபனியிலும் ஈரக் கையோடு வேலை செய்ய வேண்டாம். ஹர்த்தால் நாளில் வீட்டில் சும்மா இருக்கிறோமே என்று பானெட்டைத் திறப்பவர்களுக்குத் தனியாக ஒரு சொல்: அன்று எதுவும் விழுந்தால் ஒர்க்‌ஷாப்பும் திறக்காது, ரெக்கவரி வண்டியும் வராது.

எல்லாம் செய்தும் கிடைக்கவில்லை என்றால், எஞ்சினை ஓட்டாமல் வண்டியை ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோக வேண்டும். கயிறு கட்டி மலை இறக்க நினைக்காதீர்கள். எஞ்சின் ஓடாத வண்டியில் பிரேக் பூஸ்டருக்கு வேக்குவம் கிடையாது. இரண்டு மூன்று மிதியில் பெடல் கல்லாகிவிடும், பவர் ஸ்டீயரிங்கும் லேசில் திரும்பாது. போடிமெட்டு இறக்கத்திலோ குமுளியிலிருந்து கம்பம் இறங்கும் வளைவுகளிலோ அது உயிரோடு விளையாடுவது. வண்டியையே மேலே ஏற்றிக்கொண்டு போகும் ரெக்கவரி வண்டியைக் கூப்பிடுங்கள். வேலந்தாவளம், வாளையார் பக்கம் இருப்பவர்களுக்குக் கோயம்புத்தூரும் பொள்ளாச்சியும் கிட்டம், சமவெளி, செலவும் குறையும்.

ஒர்க்‌ஷாப்பில் இறக்கியதும் மெக்கானிக் கேட்பது இதைத்தான்: "எந்த ஓட்டைல விழுந்துச்சுண்ணே? பிளக்கா, ஆயிலா? அதுக்கப்புறம் சாவி போட்டீங்களா?" மூன்றுக்கும் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். வெட்கப்பட்டு "ஏதோ சத்தம் வருது, பாருங்க" என்று மட்டும் சொன்னால், சத்தத்தைக் கேட்க அவர் முதலில் எஞ்சினை ஸ்டார்ட் செய்துதான் பார்ப்பார். விழுந்ததைப் போலவே இன்னொன்று இருந்தால் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். "ஸ்டார்ட் செய்யக் கூடாது" என்று ஒரு தாளில் எழுதி ஸ்டீயரிங்கில் ஒட்டிவிடுங்கள், நீங்கள் திரும்பிய பிறகு வண்டியை ஓரம்கட்ட வரும் பையனுக்கு அது தெரிய வேண்டும்.